ஒரு சட்டிப் புல்

1

டிசம்பர் கடைசியில் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். பிரான்சில் இருபத்திரண்டு வருஷம் மாடாய் உழைத்ததற்குப் பரிசாக ஒரு சட்டிப் புல்லும் கொடுத்தார்கள்.

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. புல்தான். மண்சட்டியில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து வைக்கோலாகப் போன புல், அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன். மேயர் என் கையைக் குலுக்கிவிட்டுச் சட்டியைத் தூக்கி என் மார்போடு சேர்த்துக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் செலியமேட்டில் ஒருத்தன் கையில் காய்ந்த புல்லைக் கொடுத்து அனுப்பினால், மாட்டுக்குப் போடு என்று அர்த்தம். நீயே தின்னு என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் பல்லைக் காட்டி 'மெர்சி' சொன்னேன்.

நான் இருப்பது பாரிசிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். நம் புதுச்சேரிப் பாகூர் மாதிரி அதுவும் ஒரு கொம்யூன், அதாவது உள்ளூர்ப் பஞ்சாயத்து. அந்தக் கொம்யூனின் தோட்டப் பிரிவில்தான் எனக்கு வேலை. ரவுண்டானா, பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் என்று காலி இடம் கண்ட பக்கமெல்லாம் இந்தப் புல்லை நட்டுக்கொண்டே இருப்போம். இது லேசுப்பட்ட புல் இல்லையாம். அமெரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத புல்காடு இருக்கிறதாம், பிரேரி என்று பேர். அங்கே காட்டெருமை மேய்ந்து மிச்சம் வைத்ததை இங்கே நர்சரியில் சட்டி சட்டியாக வளர்த்து, பேர் எழுதிய அட்டை குத்தி விற்கிறார்கள். எருமை தின்கிற வஸ்துவுக்கு லத்தீன் பேர் வேறு.

சட்டியோடு பஸ் ஏறினேன். ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்குத்தான் என்று நினைத்து நன்றி சொல்லப் போனேன். "சட்டியை இங்கே வையுங்கள், தாள் ஒடிந்துவிடப் போகிறது" என்றார். வீடு வந்து சேரும்வரை புல் உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன்.

2

நெல் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவனுக்குப் புல் என்றால் ஜென்ம விரோதி. கோரை, அருகு, குதிரைவாலி என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் திட்டி வளர்ந்தவன் நான். எங்கள் அப்பா ஒருத்தனை அடியோடு கேவலப்படுத்த வேண்டுமென்றால் "போயி புல்லு புடுங்குடா" என்பார். அதற்கு மேல் திட்டு அவரிடம் கிடையாது. எல்லாப் புல்லிலும் மகா பாவி விழல். ஒரு வயலில் கால் வைத்தால் லேசில் வெளியே போகாது. மேலே அறுத்தால் கீழே வேரோடும். அதனால்தான் உருப்படாத காரியத்துக்கு விழலுக்கு இறைத்த நீர் என்று பேர் வைத்தான் தமிழன்.

அந்தத் தமிழனின் பேரன் இங்கே கோடை முழுக்க டேங்கர் வண்டியோடு போய்ப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினான். புதிதாக நட்ட புல்லுக்கு ரெண்டு கோடை தண்ணீர் காட்ட வேண்டும் என்பது சட்டம். செலியமேட்டுக்காரன் எவனாவது அந்தப் பக்கம் வந்து தொலைத்துவிடுவானோ என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

ஊரில் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்று கேட்கிறீர்களா? "கொம்யூன்ல உத்தியோகம்." அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லையே! பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களைத்தான் ஊரார் பார்த்திருக்கிறார்கள். என்னையும் அந்த நாற்காலியில் அவர்களாகவே உட்கார வைத்துக்கொண்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

இங்கே என் பேருக்கு நேர்ந்த கதியையும் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் வில்லியனூர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அவர் பெண்ணைக் கட்டியதால்தான் எனக்கு இந்த நாட்டுக் காகிதம். அந்தக் காகிதத்தில் கோதண்டம் என்கிற என் பேருக்குக் கடைசியில் ஒரு எழுத்தைக் கூடச் சேர்த்து எழுதினார்கள். அதை இவர்கள் வாசித்தால் 'கொதான்தாம்' என்று வரும். அதையும் முழுசாகச் சொல்லச் சோம்பல்பட்டு 'முசியே தாம்' ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் 'தாம்' என்றால் பொம்பளை. இருபத்திரண்டு வருஷம் திருவாளர் பொம்பளையாகப் புல் நட்டேன்.

3

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நவம்பர் மாதம். மேஸ்திரி மிஷேல் என்னைப் பெரிய ரவுண்டானாவில் இறக்கிவிட்டு, இதைச் 'சுத்தம் பண்ணு' என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்ன சுத்தம், புல்லுக்கு நடுவே கிடக்கிற பாட்டிலையும் காகிதத்தையும் பொறுக்குவது. எனக்கு அது எப்படித் தெரியும்? புல் முற்றிக் காய்ந்து, தாள் பொன்னாக மின்ன, கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. செலியமேட்டுக்காரன் கை சும்மா இருக்குமா?

என் பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த கருக்கரிவாள் இருந்தது. ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்காதீர்கள். சிலர் ஊறுகாய் கொண்டுவருவார்கள். குனிந்தேன். அரி அரியாக அறுத்துப் போட்டுக்கொண்டே போனேன். அந்தத் தாளிலேயே புரி திரித்துக் கட்டுக் கட்டினேன். சுற்றிப் போகிற கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து அரிவாளைத் தூக்கிக் காட்டினேன். மாலைக்குள் ரவுண்டானா மொட்டை. நடுவில் நாற்பது கட்டு, ஒரு குட்டிப் போர். மனதாரச் சொல்கிறேன், அந்த நாட்டில் எனக்கு வேலையில் சந்தோஷமாகக் கழிந்தது அந்த ஒரு நாள்தான்.

மிஷேல் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டான். புல் காய்ந்த பிறகுதான் அழகாம். பனி விழுந்து அதன்மேல் உறைந்து நிற்பதைப் பார்க்கத்தான் ஊரே வருஷம் முழுக்கக் காத்திருக்கிறதாம். பிப்ரவரி கடைசிக்கு முன் கத்தி படக்கூடாதாம். கொம்யூனுக்குக் கடிதம் கடிதமாக வந்தது. "எங்கள் குளிர்காலத்தைக் கொன்றது யார்?" என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். அடி போடி! குளிர்காலத்தை ஒருத்தன் கொன்றால் அவனுக்குக் கோயில் கட்ட வேண்டும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுத்தார்கள்.

4

மகள் மீராவுக்கு இருபத்து மூன்று வயசு. பிறந்தது, படித்தது, இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பது எல்லாம் பிரான்சிலேயே. தமிழ் பேசுவாள், வழியில் நாலு இடத்தில் தடுக்கி விழுவாள். வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம் இருக்கிறது. நான் கத்தரி வைக்கலாம், மிளகாய் வைக்கலாம் என்றிருந்தேன். அவள் ஒற்றைக்காலில் நின்று பிரேரிப் புல் வைக்க வைத்தாள். "அப்பா, காத்துல அது பேசுது, கேளேன்" என்பாள். எட்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனிடம் அது வீட்டிலும் பேச வேண்டுமா? பரிசுச் சட்டியைப் பார்த்ததும் குதித்தாள். அவளுக்கு அப்பன் ஒரு கலைஞன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் வண்டவாளம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா காலமானார். செலியமேட்டில் இருந்த நிலம் எனக்கும் அண்ணன் ஆறுமுகத்துக்கும் பாதிப்பாதியாக வந்தது. என் பங்கு நூற்றைம்பது குழி, அரை ஏக்கர். அண்ணன் கேட்டார்: "நீதான் அங்க இருக்கிறியேடா, ஒம்பங்கையும் நானே பயிர் வெச்சிக்கிறேன். வருசா வருசம் அரிசி வாங்கிக்க." பயிர்க்கடன் வாங்க நிலத்துக்காரன் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்களாம். பட்டாவில் இருக்கிற கோதண்டமும் பிரெஞ்சுக் காகிதத்தில் இருக்கிற அந்தப் பொம்பளையும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்றும் வேண்டும் என்றார்கள். அங்கே மனு, இங்கே முத்திரை, மொழிபெயர்ப்பு, அதற்கொரு முத்திரை.

நடுவில் ஒரு புத்திமதி வந்தது. பிரான்சில் எங்கள் பக்கத்து ஊரில் புதுச்சேரி மூலக்குளத்துக்காரர் ஒருத்தர் இருக்கிறார். மூலக்குளத்தில் மூணு மாடி கட்டிப் பூட்டிப் போட்டுவிட்டு, இங்கே ஒற்றை அறையில் குந்தியிருக்கிற மேதை. அவர் சொன்னார்: "அண்ணனாவது தம்பியாவது! ரெண்டு போகம் வெச்சான்னா பட்டாவ அவன் பேருக்கு மாத்திடுவான். காலியா போட்டு வேலிய போடுங்க." அந்த மேதை பேச்சை நான் கேட்டேன். சான்று மூணு வாரத்தில் வந்துவிட்டது. அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். "இன்னும் வரலண்ணா" என்று போனில் சொன்னேன். ஆறு மாதம் கழித்து ஒரு புரோக்கரைப் பிடித்து, கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டி, ஒரு தகரப் போர்டும் வைக்கச் சொன்னேன்.

அதற்கப்புறம் அண்ணன் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. போன் பேசினால் "நல்லா இருக்கோம்" என்பார். ஊருக்குப் போனாலும் புதுச்சேரியில் மாமனார் வழி வீட்டில் இருந்துவிட்டு, கல்யாணம் கருமாதிக்குத் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். வயல் பக்கம் போகவில்லை.

இதில் இன்னொரு கூத்து. வீட்டுத் தோட்டத்தைக் கவனிக்காமல் காடாகப் போட்டிருக்கிறவர்களுக்கு எங்கள் கொம்யூன் நோட்டீஸ் அனுப்பும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. ஒரு கிழவரிடம் வாசலில் நின்று பாடம் எடுத்தேன்: "உங்கள் புல்லால் பக்கத்து வீட்டுக்கு எலி வருகிறது ஐயா. மனசாட்சி வேண்டாமா?"

5

ஓய்வு கிடைத்துவிட்டதே என்று பொங்கல் கழித்து ஊருக்குக் கிளம்பினேன். மீராவும் வந்தாள். அப்பா பிறந்த இடத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமாம். இந்தத் தடவை அண்ணன் வீட்டிலேயே இறங்கினோம்.

மறுநாள் காலை அண்ணன் எங்களை வயலுக்கு அழைத்துப் போனார். அறுபத்தாறு வயசு, முட்டி வலி, வரப்பில் சாய்ந்து சாய்ந்து நடந்தார். சுற்றிலும் சம்பா விளைந்து அறுவடைக்கு நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள். நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் வெள்ளை வெளேரென்று, ஆள் மார் உயரத்துக்குப் பூ விட்டுக் காற்றில் அலையடித்துக்கொண்டிருந்தது. விழல். துருப்பிடித்த கம்பிக்குப் பின்னால் அரை ஏக்கர் விழல்.

மீரா கத்தினாள்.

"அப்பா! உன் ரவுண்டானா! அப்படியே உன் ரவுண்டானா!"

போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடினவள் திரும்பி வந்து பெரியப்பாவுக்கும் படம் காட்டினாள், நான் நட்ட ரவுண்டானா, நான் புல் வெட்டிய கல்லறைத் தோட்டம், சட்டியோடு நான் நிற்கிற படம் எல்லாம். "எங்கப்பாதான் பெரியப்பா. எல்லாம் அப்பா வெச்ச புல்லு. டவுன்ல எல்லாருக்கும் புடிக்கும்."

அண்ணன் ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதான் கொம்யூன் உத்தியோகமா? அங்கயும் புல்லு, இங்கயும் புல்லு. நல்லாத்தான்டா வளக்கிற."

மீராவுக்கு அந்தக் குரல் புரியவில்லை. "இது யாரோடது பெரியப்பா? இவ்ளோ அழகா இருக்கு!"

"இதாம்மா உங்கப்பனோட தரிசு."

"பரிசா? யாரு குடுத்தது?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க தாத்தா குடுத்தாரும்மா" என்றார்.

அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். தரிசு என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? அவள் கம்பி இடுக்கில் நுழைந்து விழலுக்குள் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அதைப் பிரெஞ்சில் 'என் அப்பாவின் தோட்டம்' என்று தலைப்புப் போட்டு ஊருலகத்துக்கெல்லாம் காட்டிவிட்டாள். மிஷேல் கீழே எழுதியிருந்தான்: "பிராவோ, முசியே தாம்!"

வேலியை ஒட்டி அண்ணனுடைய வயலில் நாலு பாத்தி வித்தியாசமாகத் தெரிந்தது. தாள் இருந்தது, கதிர் இல்லை. கத்தரியால் நறுக்கினாற்போல் தண்டு தண்டாக நின்றது.

"இன்னாண்ணா இது?"

"எலி. ஒன் விழல்ல குடியிருக்குது. ராத்திரி வந்து தின்னுட்டுக் காலையில ஊட்டுக்குப் பூடும். பதினோரு வருசமா இந்த நாலு பாத்தி அதுங்களுக்குத்தான்."

"ஏண்ணா ஒரு வார்த்த சொல்லல?"

அண்ணன் போர்டைக் கை காட்டினார். பெயிண்ட் உரிந்திருந்தாலும் எழுத்து படிக்கிறாற்போல் இருந்தது. 'இந்த இடம் பிரான்ஸ் கோதண்டம் அவர்களுக்குச் சொந்தமானது. அத்துமீறுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

"போன்ல சொன்னா அது அத்துமீறுறதுல சேருமா சேராதான்னு தெரியலடா."

அந்தப் பிரெஞ்சுக் கிழவரிடம் நான் எடுத்த பாடம் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. பிரான்ஸ்காரனைப் புல்லை வைத்து இருபத்திரண்டு வருஷம் எகத்தாளம் பண்ணினேனே, அவன் பொது இடத்தில் வளர்த்தான், ஊரைக் கேட்டு வளர்த்தான், அவன் புல்லால் எவன் சோற்றிலும் மண் விழவில்லை. நான் சொந்த அண்ணன் சோற்றில் வளர்த்திருக்கிறேன். தூ.

6

அண்ணி மதியம் சோறு போட்டாள். பாதி சாப்பாட்டில் டிராயரில் இருக்கிற சான்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மூணு வாரத்தில் வந்தது, நான்தான் மறைத்தேன் என்றேன். அண்ணி ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"தெரியும்" என்றார். "ஒரு காயிதம் பதினோரு வருசமா வராம இருக்குமா? ஒனக்குக் குடுக்க மனசில்லன்னு வேலி போட்ட அன்னிக்கே தெரியும். ரசம் ஊத்து."

"நீயே எடுத்துக்கண்ணா. எழுதியே குடுத்துடறேன்."

"எனக்கு எதுக்கு? இருக்கிறத அறுக்கவே முட்டி வுட மாட்டேங்குது. நீ வளத்தது, நீ புடுங்கு."

புடுங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். மீரா லீவு முடிந்து போய்விட்டாள். நான் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். என் மனைவி போனில் கத்தினாள், கத்தட்டும். போர்டைப் பிடுங்கி வரப்பில் எறிந்தேன். அண்ணன் வயலில் அறுவடை முடிந்த மறுநாள் கருக்கரிவாளோடு இறங்கினேன். மேலே அறுக்க ரெண்டு நாள்தான் ஆனது. வேர்தான் அழிச்சாட்டியம் பண்ணியது. மண் காய்ந்து கல்லாகக் கிடந்தது. மண்வெட்டி போட்டால் வேர் பாதியில் அறுந்து உள்ளேயே தங்கிவிடும், நாலு நாளில் ஊசி ஊசியாகத் தலை நீட்டும். வரப்பில் போகிற ஆட்கள் நின்று பார்த்துவிட்டு, "இன்னா பிரான்சு, புல்லு புடுங்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா இருந்திருந்தால் கை தட்டியிருப்பார். அண்ணன் தினமும் காலையில் வருவார், தன் வரப்பில் நிற்பார், பார்த்துவிட்டுப் போய்விடுவார். இப்படியே பத்து நாள்.

பிப்ரவரி கடைசியில் மீரா படம் அனுப்பினாள். பரிசுச் சட்டியில் இருந்த புல்லை நான் சொல்லிக் கொடுத்தபடி ஒரு சாண் விட்டு வெட்டியிருக்கிறாளாம். 'உன் தோட்டம் எப்படி இருக்கு அப்பா?' என்று கேட்டிருந்தாள். நான் அறுத்து மொட்டையடித்த வயலைப் படம் எடுத்து அனுப்பினேன். 'ஐயோ, ஏன்?' என்று பதில் வந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று வரப்பில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, காலடியில் சில்லென்றது.

தண்ணீர். வயலுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

எழுந்து பார்த்தேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். வாய்க்காலில் அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். தன் வயலுக்குப் போகிற தண்ணீரைத் தகரத்தால் மறித்து, என் பக்கம் திருப்பி, ஓரமெல்லாம் சேறு அணைத்துக்கொண்டிருந்தார். என் போர்டைத்தான் தலைகீழாகச் செருகியிருந்தார். 'பிரான்ஸ் கோதண்டம்' சேற்றுக்குள் போய்விட்டது, 'அத்துமீறுவோர்' மட்டும் மேலே தலைகீழாகத் தெரிந்தது.

"காஞ்ச மண்ணுல அது வராதுடா, முண்டம்" என்றார். "ஊறினாத்தான் வேரோட வரும்."

நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.

அண்ணன் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, தண்ணீர் மொட்டை விழலுக்கு நடுவே பரவுவதைப் பார்த்துச் சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன்.

"விழலுக்கு எறைக்கிறேன் பாரு" என்றார். "ஆரு கேட்டாலும் எந்தம்பி விழல்னு சொல்லிக்க வேண்டியதுதான்."